லாஸ் ஏஞ்சலஸ் வான்வழிப் படங்கள்: சிலது மட்டும் ஏன் மனதில் நிற்கிறது?

நிழல்வேட்டை:
வணக்கம் நண்பர்களே. லாஸ் ஏஞ்சலஸை வானிலிருந்து எடுத்த படங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ட்ரோன் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலும் மேம்பாலச் சுழல்களும் சூரியன் மறைகிற நேரத்து உயரக் கட்டடங்களும்தான், நாலைந்து பார்த்ததுமே சலித்துவிடுகிறது. ஆனால் மைக்கேல் லைட், டேவிட் மைசல் இருவரின் கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வீடு, வீடு, வீடு, அப்புறம் புகைமூட்டம், ஊர் எங்கே முடிகிறதென்றே தெரிவதில்லை. எதனால் இந்த வித்தியாசம்? நவம்பரில் அங்கே போகிறேன், நானும் எடுத்துப் பார்க்க ஆசை.

கதிர்:
முதல் காரணம் உயரம். அமெரிக்காவில் ட்ரோனைப் பொதுவாக 400 அடிக்கு மேல் பறக்கவிடக் கூடாது. அங்கிருந்து ஒரு பேட்டை தெரியும், ஊர் தெரியாது. லைட் தானே சிறு விமானம் ஓட்டுபவர், ஹெலிகாப்டரும் வாடகைக்கு எடுப்பார். நீங்கள் ஹெலிகாப்டரில் போனால் கதவைக் கழற்றித் தருவார்களா என்று கேளுங்கள், கண்ணாடி வழியாக எடுத்தால் உங்கள் சட்டையே படத்தில் விழும். ஷட்டர் வேகம் 1/1000 வினாடியைவிட மெதுவாக வேண்டாம், கேமராவையோ கையையோ எதன்மீதும் சாய்க்காதீர்கள், அதிர்வு அப்படியே லென்ஸுக்கு வந்துவிடும். நவம்பர் நல்ல மாதம்தான். பாலைவனப் பக்கமிருந்து சாண்டா ஆனா காற்று அடித்தால் மூட்டம் கடலுக்குப் போய் மலை வரைக்கும் துலக்கமாகத் தெரியும், ஆனால் அதே காற்றில் சின்ன ஹெலிகாப்டர் பயங்கரமாகக் குலுங்கும். விமானி வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள்.

வரைபடப்பித்தன்:
உயரம் சரி, ஆனால் அந்த ஊர் எப்படி உருவானது என்பது படத்துக்குள் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். 1950இல் லாஸ் ஏஞ்சலஸ் புறநகரான லேக்வுட்டில் 17,500 வீடுகள் கட்டியபோது கட்டுமான நிறுவனம் வில்லியம் கார்னெட் என்ற புகைப்படக்காரரை அமர்த்தி வானிலிருந்து படமெடுக்கச் சொன்னது. மண்ணைச் சமன்படுத்தியது, அஸ்திவாரம், மரச்சட்டங்கள், கூரை என்று படிப்படியாக எடுத்தார். கட்டியவர்கள் பெருமைக்காக எடுக்கச் சொன்ன அதே படங்களைத்தான் பின்னால் அந்த மாதிரிக் குடியிருப்புகளை எதிர்த்தவர்கள் சாட்சியாகக் காட்டினார்கள். மைசலையும் சேர்த்துப் பாருங்கள். 1913இல் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்று நீரை இந்த நகரத்துக்குத் திருப்பினார்கள், அந்த ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி வறண்டது. வறண்ட அந்த ஏரியை முதலில் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நகரத்தை அப்புறம் எடுத்தார், அதுவும் வெளிச்சத்தையும் இருட்டையும் தலைகீழாக மாற்றி, எக்ஸ்ரே மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தெருக்கள் வெறும் கோலமாகத் தெரியவில்லை.

நீங்கள் போகும்போது ஹூவர் தெருவுக்கு மேலே ஒரு சுற்று வாருங்கள். ஸ்பானியர் காலத்து நகர மையத்தின் தெருக்கள் சாய்வாக ஓடும், பிறகு வந்த அமெரிக்கத் தெருக்கள் நேர் வடக்கு தெற்காக ஓடும், இரண்டும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. தரையில் நடந்தால் ஒரு கோணலான முச்சந்தி என்றுதான் தோன்றும்.

இளவேனில்:
மைசல் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து தலைகீழாக்கிக் காட்டினால் லட்சக்கணக்கானவர்கள் வாழும் ஊர் செத்த ஊராகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளையில் இன்னொன்றும் போய்விடுகிறது. வண்ணத்தில் பார்த்தால் பணக்காரர்கள் வாழும் பெல் ஏர் பக்கம் மரங்களின் பச்சையும் நீச்சல் குளங்களின் நீலமும், தெற்கே வந்தால் சாம்பல் நிறக் கூரையும் தாருமாக இருக்கும். யாருக்கு நிழல் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த நிறத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து வண்ணத்திலும் எடுங்கள்.

நிழல்வேட்டை:
எல்லோருக்கும் நன்றி. இளவேனில், கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுக்கிறேன், வண்ணம் அதில் இருக்கும். ஹூவர் தெருவுக்கு எந்த நேரம் சரியாக வரும்?

கதிர்:
நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு ஐந்து மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். நாலு மணிக்கு வானில் இருந்தால் நிழல் நீளமாக விழுந்து தெருக்கள் திரும்புகிற இடம் தெளிவாகத் தெரியும். பெரிய விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி கிடைக்கிற நேரத்துக்குத்தான் அங்கே சுற்ற முடியும், அதனால் எந்தத் தெரு வேண்டுமென்று கிளம்பும் முன்பே விமானியிடம் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.