உதவி தேவை: பழைய லென்ஸில் தூரத்துக் காட்சி தெளியவில்லை

மலைச்சாரல் (பினாங்கு):
அனைவருக்கும் வணக்கம். லோரோங் கூலிட் சந்தையில் பழைய லென்ஸ் ஒன்றை 120 வெள்ளிக்கு வாங்கி, இணையத்தில் வரவழைத்த அடாப்டர் வளையத்தைக் கொண்டு என் கேமராவில் பொருத்தினேன். வீட்டுக்குள் எடுத்த படங்கள் அழகாக வந்தன. ஆனால் பாடாங் கோத்தா கடற்கரையில் நின்று எதிர்க்கரையை எடுக்கப் பார்த்தால், ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் எல்லாம் கலங்கலாகவே தெரிகிறது. கேமரா வெளிச்ச அளவையும் காட்டவில்லை. தைப்பூசத்துக்கு மூன்று வாரமே இருப்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

கிள்ளான்காரன்:
ஐயமே வேண்டாம், பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் உலர்பெட்டிக்கு வெளியே பல ஆண்டுகள் கிடந்த லென்ஸில் அது இல்லாவிட்டால்தான் வியப்பு. பின்புறமிருந்து கைவிளக்கை அடித்து, முன்புறமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும்.

ஒளிவளையம்:
பூஞ்சை படிந்தால் கிட்டத்துப் படமும் மங்கத்தான் செய்யும். வீட்டுக்குள் மட்டும் அது விடுப்பு எடுத்துக்கொள்ளாது. உங்களுடையது மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத வகை) என்றே கொள்கிறேன். சோனி கேமராவில் எம்42 என்னும் திருகு வகைப் பழைய லென்ஸைப் பொருத்த அடாப்டரின் தடிமன் 27.46 மி.மீ. இருக்க வேண்டும். அதில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் தூரத்துக் காட்சி கைவிட்டுப் போகும் என்பதால்தான், தயாரிப்பாளர்கள் பலர் வேண்டுமென்றே சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். ஷட்டரே இயங்காவிட்டால், லென்ஸ் இல்லாமலும் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேடுங்கள்.

பழைய வில்லை (மூத்த உறுப்பினர்):
எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்த மௌண்ட் (லென்ஸ் பொருந்தும் வாய்) என்று ஒன்றையும் சொல்லாமல் கேட்பவருக்கு ஒருவர் பூஞ்சை என்கிறார், ஒருவர் சோனி என்கிறார். நோயாளி வாயைத் திறக்குமுன் மருந்துச் சீட்டு எழுதும் பழக்கம் இங்கே என்றுதான் ஒழியுமோ! தம்பி, கேள்வி கேட்பதும் ஒரு கலை. முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

மலைச்சாரல்:
மன்னிக்கவும் அண்ணா, வேலைக்குப் போகும் அவசரத்தில் எழுதிவிட்டேன். கேமரா நிக்கான் டி5300. லென்ஸ் சூப்பர் டக்குமார் 55 மி.மீ. எஃப்1.8, திருகிப் பொருத்தும் வகை. அடாப்டர் வெறும் உலோக வளையம், உள்ளே கண்ணாடி இல்லை. ஏறத்தாழ ஆறடி வரை தெளிவாக இருக்கிறது, அதற்கு அப்பால் இல்லை.

பழைய வில்லை (மூத்த உறுப்பினர்):
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். நிக்கானில் லென்ஸ் அமரும் தளத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். உங்கள் லென்ஸ் எம்42, அதாவது 42 மி.மீ. ஆக 4.5 மி.மீ. வித்தியாசம். வளையத்தைக் குப்பையில் போடுங்கள்.

பிலிம்சுருள் (ஈப்போ):
முடிவு சரி, கணக்குத் தவறு ஐயா. எம்42 என்பதிலுள்ள 42 திருகின் விட்டத்தைக் குறிக்கிறது. லென்ஸ் அமரும் தளத்திலிருந்து பிலிம் வரை அந்த லென்ஸ் எதிர்பார்க்கும் தூரம் 45.46 மி.மீ. ஆகவே நிக்கானில் அது 1.04 மி.மீ. மட்டுமே கூடுதலாக முன்னே தள்ளி நிற்கிறது. இந்தச் சிறு தொலைவு என்ன செய்யும் என்பதை மலைச்சாரல் சொன்ன ஆறடியைக் கொண்டே சரிபார்க்கலாம்: லென்ஸின் குவியத்தூரமான 55 மி.மீ.இன் வர்க்கத்தை, அதாவது 3025ஐ, கூடுதல் தொலைவால் வகுத்தால், ஃபோகஸ் எட்டக்கூடிய கடைசி தூரம் சுமாராகக் கிடைத்துவிடும். 1.04ஆல் வகுத்தால் 2.9 மீட்டர். ஆறடி என்பது 1.8 மீட்டர்தான் என்பதால், வளையத்தின் விளிம்பே இன்னும் 0.6 மி.மீ. அளவுக்கு லென்ஸைத் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் 4.5 மி.மீ. உண்மையானால், அவரால் இரண்டடிக்கு அப்பால் எதையும் தெளிவாகப் பார்த்திருக்க முடியாது.

லென்ஸில் குறையில்லை, தம்பி. கேனான் ஈஎஃப் மௌண்டின் தூரம் 44 மி.மீ. என்பதால், அதில் மெல்லிய வளையம் ஒன்று நுழைய 1.46 மி.மீ. இடம் உண்டு, உங்களுடையது போன்ற, ஆடி உள்ள நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்த இடமே இல்லை. வெளிச்ச அளவு காட்டாததும் பழுதல்ல. மின்னணுச் சில்லு இல்லாத லென்ஸைப் பொருத்தினால் டி5300 அளவு காட்டாது. எம் (கைமுறை) நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவல் வரைபடத்தை) பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். லென்ஸின் பக்கவாட்டிலுள்ள சிறு நெம்புகோலையும் கைமுறை நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் லென்ஸின் ஒளித்துளை சுருங்காமல் முழுதும் திறந்தபடியே நிற்கக்கூடும்.

கிள்ளான்காரன்:
இந்தத் தூரத்தைச் சரிக்கட்டும் கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கிறதே, அதை வாங்கினால் நிக்கானிலும் எதிர்க்கரை தெரியும். நானே வைத்திருக்கிறேன்.

ஒளிவளையம்:
தெரியும், துளையை முழுதும் திறந்த எஃப்1.8இல் பனிமூட்டத்தோடு தெரியும். டக்குமாரின் தெளிவுக்காக அதை வாங்கிவிட்டு, அதன் பின்னால் மலிவான கண்ணாடித் துண்டை ஒட்டுவது, நல்ல காப்பியில் கழுநீர் கலப்பதற்கு ஒப்பானது.

கிள்ளான்காரன்:
எஃப்5.6க்குச் சுருக்கினால் நன்றாகவே இருக்கிறது. பகலில் இரதத்தை எடுக்க அது போதாதா?

ஒளிவளையம்:
எஃப்5.6இல்தான் எடுக்க வேண்டுமென்றால், கேமராவோடு வந்த லென்ஸே போதுமே!

பழைய வில்லை (மூத்த உறுப்பினர்):
42 என்பது விட்டம் என்று எனக்குத் தெரியாதது அல்ல. எளிமைக்காகச் சொன்னேன்.

பிலிம்சுருள் (ஈப்போ):
மகிழ்ச்சி ஐயா.

மலைச்சாரல்:
அனைவருக்கும் நன்றி. பட்டர்வொர்த்திலுள்ள நண்பர் தம் சோனி மிரர்லெஸ் கேமராவைத் தைப்பூசம் முடியும்வரை தந்திருக்கிறார். அதற்குரிய அடாப்டரும் வந்துவிட்டது. முதலில் ஷட்டர் இயங்கவில்லை. மெனுவில் அந்த அமைப்பை மாற்றியதும் சரியாயிற்று. நேற்றிரவு கொம்தார் கோபுர விளக்குகள் ஊசிமுனை போல் வந்தன. அடாப்டர் சற்று மெல்லியது போலும், ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தொடுவதற்கு முன்பே தெளிந்துவிடுகிறது.

கிள்ளான்காரன்:
நல்லது. கைவிளக்கை அடித்துப் பார்த்தீர்களா?