நூலகத்தில் தின் கிளையன்ட்டும் கட்டற்ற மென்பொருளும்: நேரில் கண்டவை

கிளை நூலக உதவியாளர்:

எங்கள் நூலகத்தில் வாசகர்களுக்கென இருந்த பத்துக் கணினிகளில் நான்கு, ஹார்ட் டிஸ்க் பழுதாகித் துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தன. கழித்துக்கட்டும் முன் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று, ஒரு கல்லூரி மாணவரின் துணையோடு எல்டிஎஸ்பி (லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்) என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவினோம். 1999இல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய இத்திட்டத்தின்படி, வாசகர் முன்னிருக்கும் பெட்டிக்கு, அதாவது தின் கிளையன்ட் எனப்படும் முனையத்துக்கு, ஹார்ட் டிஸ்க்கே வேண்டியதில்லை. இயக்கியவுடன் அது நெட்வொர்க்கில் தனக்கொரு முகவரி கேட்டு வாங்கி, சர்வர் எனும் மையக் கணினியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கிக்கொண்டு எழுந்துவிடும். நாங்கள் நிறுவிய பழைய பதிப்பில் மென்பொருள்கள் எல்லாம் சர்வரிலேயே ஓடின. அடிப்படையாக 256 எம்பி, தலைக்கு 192 எம்பி நினைவகம் என்று கையேட்டில் இருந்ததை நம்பினோம். ஃபயர்பாக்ஸில் பத்துப் பேரும் ஆளுக்கு நாலு பக்கம் திறந்தபோது சர்வர் திணறியது. எட்டு ஜிபி போட்ட பிறகே மூச்சு விட்டது.

எனக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொன்று. முன்பெல்லாம் ஒவ்வொரு கணினியிலும் யாரோ ஒருவரின் ஆதார் நகலும் மதிப்பெண் பட்டியலும் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். இப்போது வாசகர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற அனைத்தையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் துடைத்துவிடுகிறது. அதற்கும் ஒரு விலை இருந்தது: ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த விண்ணப்பத்தைப் பென்டிரைவில் சேமிக்காமல் வெளியேறிய பெரியவர் ஒருவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். மறுநாளே ஒவ்வொரு திரையின் மேலும் எச்சரிக்கை எழுதி ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பத்துத் திரைகளிலும் 'பிஎக்ஸ்இ-ஈ53' என்ற பிழை மட்டுமே நின்றது. சர்வரை மூன்று முறை அணைத்து ஏற்றியும் பயனில்லை. பிற்பகலில்தான் கண்டுபிடித்தோம்: அலுவலக அறைக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து எங்கள் ஸ்விட்சில் செருகியிருந்தார்கள். முனையங்கள் முகவரி கேட்டபோது சர்வருக்கு முந்திக்கொண்டு ரவுட்டர் பதில் சொல்லிவிட்டது. ஆனால் எந்தக் கோப்பை இறக்கி எழ வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? கேபிளைப் பிடுங்கியதும் பத்தும் உயிர்பெற்றன. 2019இல் முற்றிலும் திருத்தி எழுதப்பட்ட எல்டிஎஸ்பியில் மென்பொருள்கள் முனையத்திலேயே ஓடுகின்றன. ஆயினும் எழுவதற்கு அது சர்வரையே நம்பியிருப்பதால் இந்தத் தொல்லை அதிலும் வரலாம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

நாங்கள் முழு முனையங்களுக்குப் போகவில்லை; நூல் தேடலுக்கு மட்டும் இரண்டு பழைய கணினிகளில் லினக்ஸ் ஏற்றி, கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளின் தேடல் பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி உலாவியைப் பூட்டி வைத்தோம். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்கள், தங்கள் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நெருக்கடியில் எழுதச் செய்த மென்பொருள் அது. அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். நிறுவுவது இரண்டு நாள் வேலைதான். தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் தமிழில் உள்ளிட்டதுதான் மாதக்கணக்கில் இழுத்தது, ஏனெனில் முன்பு பதிந்தவர்கள் ஒரே ஆசிரியரின் முன்னெழுத்தை ஓரிடத்தில் தமிழிலும் மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் இட்டிருந்தார்கள். தேடினால் பாதி நூல்களே வரும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்:

நான் போகும் நூலகத்திலும் இத்தகைய முனையங்கள்தாம். தமிழ்99 விசைப்பலகை தயாராக இருந்தது. புள்ளி எஃப் விசையில் இருப்பது கைக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. சிக்கல் வேறிடத்தில் வந்தது. பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளை லிப்ரெஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தால், எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. லினக்ஸ்தான் குறை என்று நினைத்திருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் தெரியும் என்று நூலகர் விளக்கினார். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத பொதுக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. என் பென்டிரைவுக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை. இப்போது நாளுக்கு இரண்டு கோப்புகளாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். இன்னும் நாற்பது மீதி உள்ளன.