மண்ணாக்கச் சுக்கான்: தொல்மண்ணில் விளையும் கார்பனேட்டுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

தொல்காலநிலைச் சொல்லடைவில் ஒரு பதிவு இழுத்துக்கொண்டே போகிறது. மண் உருவாகும்போதே அதற்குள் விளைகிற கால்சியம் கார்பனேட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிழக்கு ஆப்பிரிக்காவில் துர்கானா, அவாஷ் படுகைகளில் ஆதிமனிதர் வாழ்ந்த இடம் காடா, புல்வெளியா என்று கணக்கிட இதைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். ஆகவே சொல் குழப்பம் தரக்கூடாது. வரைவில் 'மண் கார்பனேட்' என்று போட்டிருக்கிறேன். 'மண்விளை சுண்ணம்' என்றும் ஒரு யோசனை வந்தது. உங்கள் கருத்து தேவை.

—செ.

*

> வரைவில் 'மண் கார்பனேட்' என்று போட்டிருக்கிறேன்.

இது வேண்டாம் ஐயா. மண்ணில் கிடக்கும் கார்பனேட் வேறு, மண்ணில் விளைந்த கார்பனேட் வேறு. ஆற்று வண்டலோடு வந்த கடற்சுண்ணாம்புக்கல் துகளும் மண்ணில்தான் கிடக்கிறது. உங்கள் சொல் அதையும் உள்ளே விட்டுவிடும்.

ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கையே பார்க்கலாம். ஒளிச்சேர்க்கை செய்யும் முறையால் தாவரங்கள் பிரிகின்றன. மரம், செடி, புதர் எல்லாம் பெரும்பாலும் சி3 வகை. அவற்றின் கார்பன்-13 மதிப்பு (கார்பனின் இந்தக் கனமான ஐசோடோப்பின் விகிதம் ஒரு தர அளவைவிட ஆயிரத்துக்கு எத்தனை கூட, குறைய என்பது) சராசரியாக −27‰. வெப்பமண்டலப் புற்கள் சி4 வகை, −12‰ அளவு. வேரும் நுண்ணுயிரும் விடுகிற கார்பன் டை ஆக்சைடு மண் துளைகள் வழியே பரவி வெளியேறும்போது 4.4‰ கூடுகிறது. அந்த வளி நீரில் கரைந்து கால்சைட்டாக (கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவம்) படியும்போது இன்னும் ஏறத்தாழ 10‰ கூடுகிறது. ஆக, முழுக்கக் காடாக இருந்த இடத்தில் விளைந்த கார்பனேட் கட்டி −12‰ பக்கம் நிற்கும். முழுக்கப் புல்வெளி என்றால் +2‰ பக்கம். இடைப்பட்ட மதிப்பை வைத்து மரநிழல் எத்தனை விழுக்காடு என்று கணிக்கிறார்கள். தூரே செர்லிங் குழுவினர் 2011இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சமன்பாட்டின்படி −6.5‰ என்றால் சுமார் 40 விழுக்காடு மரப்போர்வை. கடந்த 60 லட்சம் ஆண்டுகளில் அவாஷ், ஓமோ-துர்கானாப் படுகைகளின் ஆதிமனிதத் தலங்களில் பெரும்பாலானவற்றில் அதைவிடக் குறைவாகவே மரம் இருந்தது என்று அவர்கள் சொன்னதும் இந்தக் கட்டிகளை வைத்துத்தான்.

இப்போது கலப்படம் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உண்மையில் −10‰ உள்ள கட்டி. அதற்குள் 0‰ உள்ள கடற்சுண்ணாம்புத் துகள் 20 விழுக்காடு சிக்கியிருக்கிறது. கருவி −8‰ என்று காட்டும். 69 விழுக்காடு மரம் என்று வரவேண்டிய இடத்தில் 53 என்று வரும். காட்டில் கால்வாசியை வெட்டி எறிந்தது கோடரி அல்ல, நம்முடைய மாதிரிப்பை!

நிலத்தடி நீரில் படிந்த கார்பனேட் இன்னொரு வில்லங்கம். அதன் கார்பன் எங்கிருந்தோ ஓடிவந்த நீரிலிருந்து வந்தது. மேலே என்ன முளைத்திருந்தது என்பதை அது சொல்லாது. களத்தில் இரண்டும் ஒரே வெள்ளைக் கட்டி; நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் இரண்டும் பொங்கும். கட்டியை விட்டுவிட்டு அது இருக்கும் படலத்தை (மண் அடுக்கை) பார்க்க வேண்டும். களிமண்ணில் பளபளவென்று சாய்ந்த வழுக்குப் பரப்புகள், வேர்த்தடங்கள், மேலிருந்து கீழாக மெல்ல மாறும் நிறம், அதற்குள் சிதறிக் கிடக்கும் கட்டிகள் என்றால் மண்ணில் விளைந்தது. மணற்படலத்தில் மேலும் கீழும் வெட்டினாற்போல் எல்லையோடு தகடாக ஓடினால் பெரும்பாலும் நீர்மட்டத்தில் படிந்தது.

எனவே சொல்லில் 'மண்' இருந்தால் போதாது. உருவான விதமும் இருக்க வேண்டும். மண் உருவாகும் செயலுக்கு 'மண்ணாக்கம்' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. 'மண்ணாக்கக் கார்பனேட்' என்பது என் பரிந்துரை. 'மண்விளை' இலக்கணப்படி சரிதான். ஆனால் கன்னியாகுமரிப் பக்கம் அதைச் சொன்னால் எந்தப் பஞ்சாயத்து என்று கேட்பார்கள். அங்கே பாதி ஊர் 'விளை'யில்தான் முடிகிறது.

—க.

*

'மண்ணாக்கம்' எங்களுக்கும் பொருந்தும். ஆனால் 'கார்பனேட்' என்று வைத்தால் இலங்கை மாணவர் 'காபனேற்று' என்று மாற்றிப் படிக்க வேண்டும். ஐசோடோப்பும் எங்களுக்குச் சமதானி. வேதிப்பெயரை விட்டுவிட்டுப் பொருளின் பெயரை எடுத்தால் இரு கரைக்கும் ஒரே சொல்லாக இருக்குமே.

—ம.

*

ம. கேட்ட பொருளின் பெயர் நம்மிடம் இருக்கிறது: சுக்கான், சுக்கான்கல்.

கரிசல் காட்டில் உழும்போது கொழுவில் தட்டுப்படுகிற வெள்ளை முடிச்சுக் கட்டி. காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததும் இதிலிருந்துதான். 'சுண்ணாம்புக்கல்' என்றால் அரியலூர்க் கடற்படிவும் அதில் அடங்கிவிடும்; சுக்கான்கல் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பாடநூல்களில் வரும் 'கங்கர்' வடக்கேயிருந்து வந்த சொல். அதற்கு நேரான நம் சொல் இது.

இரண்டு தடைகளை யாராவது எழுப்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று, சுக்கான் என்றால் கப்பலைத் திருப்பும் கருவியும்தான். அது அரபு வழி வந்த வேறு சொல். புவியியல் கட்டுரையில் கப்பல் வரப்போவதில்லை. சந்தேகம் இருந்தால் 'கல்' சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கொஞ்சம் கனமானது. கிணறு வெட்டுபவர்கள் சிலர் நெகிழ்ந்து உதிரும் பாறையையும் சுக்காம்பாறை என்பார்கள். ஆகவே சொல்லடைவில் 'பாறை' சேர்ந்த வடிவத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

சுக்கான் என்பதைப் பொதுப்பெயராக வைத்து முன்னொட்டால் பிரிக்கலாம்: மண்ணாக்கச் சுக்கான், நிலத்தடிநீர்ச் சுக்கான். க. கேட்ட பிறப்பும் வந்துவிடுகிறது, ம. கேட்ட பொதுமையும் வந்துவிடுகிறது.

—பெ.

*

பெ. அம்மாவின் சொல் நன்றாகவே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் இடிக்கும். மண்ணாக்கக் கார்பனேட் எல்லாமே கட்டி அல்ல. முதல் நிலையில் வெறும் வெள்ளை இழைகளும் துகள் பூச்சும்தான். இரண்டாம் நிலையில் கட்டிகள். மூன்றில் படலம் முழுக்க அடைபட்டு இறுகும். நான்கில் அதன் தலையில் தகடு தகடாகப் படியும். முதல்நிலை இழையைச் சுக்கான் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ஆகவே வேதிப்பொருள் மொத்தத்துக்கும் 'மண்ணாக்கக் கார்பனேட்' (இலங்கையில் காபனேற்று) இருக்கட்டும். இரண்டாம் நிலை முதல் மேலுள்ளவற்றுக்கு 'மண்ணாக்கச் சுக்கான்'. ஆய்வகத்துக்கு வருவது பெரும்பாலும் கட்டிதான் என்பதால் நடைமுறையில் சுக்கான்தான் அதிகம் புழங்கும்.

வரையறையில் ஆழமும் வர வேண்டும். மேல்மட்டத்தில் வெளிக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு மண்ணுக்குள் இறங்கிக் கலக்கும். மதிப்பு புல்வெளிப் பக்கம் தள்ளிப்போகும். ஆகவே தொல்மண்ணின் (பழங்காலத்தில் உருவாகிப் புதைந்த மண்ணின்) அன்றைய மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே, செடிகொடி குறைந்த வறண்ட இடமென்றால் 50 செ.மீ.க்குக் கீழே எடுக்க வேண்டும். மேற்பரப்பு அரித்துப் போயிருந்தால் பயமில்லை. கட்டி நாம் அளப்பதைவிட ஆழத்தில் விளைந்திருக்கிறது என்றுதான் பொருள். ஏமாற்றுவது இதற்கு நேர்மாறானது: வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்த மண். அங்கே 20 செ.மீ. ஆழத்தில் விளைந்த கட்டி இன்று 80 செ.மீ. ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். மண் படலங்களின் எல்லை மங்கி, ஒரே சீராக நீண்டு கிடந்தால் அந்த மாதிரியைச் சந்தேகப் பட்டியலில் போடுங்கள்.

கட்டியை அப்படியே இடித்துப் பொடியாக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். குறுக்கே அறுத்து, ஒரு பாதியில் 30 மைக்ரான் மெல்லிய சீவல் செய்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் படிகம் தெரியாத மங்கலான நுண்கால்சைட் பகுதிதான் மண்ணில் விளைந்தது. வெடிப்புகளில் பளிச்சென்று நிற்கும் பெரிய படிகங்கள் புதைந்த பிறகு படிந்தவை. மறுபாதியில் நுண்கால்சைட் பகுதியை மட்டும் அரை மில்லிமீட்டர் துளைப்பானால் குடைந்து எடுத்தால், வழக்கமான கார்பன், ஆக்சிஜன் அளவீட்டுக்கு 100 மைக்ரோகிராம் தாராளம். துளைப்பானை வேகமாக ஓட்டிச் சூடேற்றக்கூடாது. ஒவ்வொரு குழிக்கும் இடையே முனையை அமிலத்தில் நனைத்துக் கழுவ வேண்டும்.

மண் வெப்பநிலை வேண்டுமென்றால் கதை வேறு. கார்பன்-13ம் ஆக்சிஜன்-18ம் ஒரே மூலக்கூறில் எத்தனை முறை சேர்ந்து வந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும்; அது மிக அரிது. வழக்கமான கருவியில் ஒரு முறைக்கே சில மில்லிகிராம் தேவை, அதையும் மூன்று முறையாவது திரும்ப அளக்க வேண்டும். துர்கானாச் சுக்கானில் 2010இல் இப்படி அளந்தபோது, கடந்த 40 லட்சம் ஆண்டுகளில் அங்கே மண் வெப்பநிலை பெரும்பாலும் 30° செல்சியசுக்கு மேலே இருந்தது தெரிந்தது. ஆண்டுச் சராசரி என்று இதை எழுதிவிடக்கூடாது. மண் காயும் பருவத்தில்தான் கார்பனேட் படியும். அந்தப் பருவத்தின் சூடுதான் பதிவாகிறது.

—வி.

*

வி. சொன்ன பிரிவை ஏற்கிறேன். இரண்டு சொற்களாகவே இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். பழைய மண்ணை ஆறு அரித்துக் கட்டிகளை உருட்டிக் கொண்டுபோய்த் தன் வாய்க்கால் அடியில் குவித்துவிடும். உருண்டு, அளவு பிரிந்து, கூழாங்கல்லோடு கலந்து கிடக்கும். பிறப்பால் மண்ணாக்கச் சுக்கான்தான், ஆனால் கிடக்கும் படலத்தின் வயது அதற்கு இல்லை. எலும்புப் புதைபடிவமும் அதே வாய்க்காலில் சேர்ந்திருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே காலம் என்று கட்டிவிடும் ஆபத்து அதிகம். 'பெயர்ந்த சுக்கான்' என்று வைக்கலாமா?

அவாஷ் பகுதியில் ஆராமிஸ் என்ற தலத்தைப் பற்றி நடந்த வாதத்தையும் எடுத்துக்காட்டாகக் குறிக்கலாம். 44 லட்சம் ஆண்டு பழைய ஆர்டிபித்தேகஸ் என்ற ஆதிமனித இனம் மரங்கள் அடர்ந்த இடத்தில் வாழ்ந்தது என்று 2009இல் எழுதினார்கள். அதே மண்ணாக்கக் கார்பனேட் மதிப்புகளை எடுத்து, மரப்போர்வை 25 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் என்று செர்லிங் குழுவினர் 2010இல் மறுத்தார்கள். எண்ணில் சண்டை இல்லை. எந்தக் கட்டி எந்த நிலத்துக்காகப் பேசுகிறது என்பதில்தான் சண்டை.

—க.

*

எல்லோருக்கும் நன்றி. பதிவை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

மண்ணாக்கக் கார்பனேட் (காபனேற்று): மண் உருவாகும் காலத்திலேயே, மண்வளியோடு சமநிலையில், மண் துளைகளில் படியும் கால்சியம் கார்பனேட். இழை, பூச்சு, கட்டி, தகடு எல்லாம் அடங்கும். வண்டலோடு வந்ததும் நிலத்தடி நீர்மட்டத்தில் படிந்ததும் அடங்கா.

மண்ணாக்கச் சுக்கான்: மேற்கண்டதில் கட்டியாகவோ அதற்கும் மேலாகவோ இறுகியது. 'சுக்காம்பாறை' என்று எழுதற்க.

நிலத்தடிநீர்ச் சுக்கான்: நீர்மட்டத்தை ஒட்டி விளைந்தது, தாவரப்போர்வைக் கணிப்புக்கு உதவாது.

பெயர்ந்த சுக்கான்: விளைந்த மண்ணிலிருந்து அரிக்கப்பட்டு வேறிடத்தில் படிந்தது. கிடக்கும் படலத்தின் வயதை இதற்குக் கொடுக்கலாகாது.

எடுத்துக்காட்டாக ஆராமிசோடு பாகிஸ்தானின் பொத்வார் பீடபூமியையும் சேர்த்திருக்கிறேன். அங்கே சிவாலிக் தொல்மண்களில் சுக்கானின் மதிப்பு −10‰ அளவிலிருந்து 0‰ பக்கம் ஏறியதை 1989இல் காட்டினார்கள். சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சி4 புற்கள் பரவியதன் தடம் அது.

வேரைச் சுற்றிக் குழாய்போல் இறுகும் கார்பனேட்டுக்கு இன்னும் சொல் இல்லை. 'வேர்ச்சுக்கான்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வேருக்குள்ளேயே உயிரணு வடிவத்தோடு கால்சைட் நிரம்பியதையும், வேர் அழுகிய துளையில் பின்னால் நிரம்பியதையும் இது பிரிக்கவில்லை. வி., சீவலில் இவ்விரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று எழுதினால் பதிவை இரண்டாக்கிவிடுகிறேன்.

—செ.