தம்பிக்கு மாடலிங் ஆசை, ஏஜென்சி 3,500 வெள்ளி கேட்கிறது. கட்டலாமா?

சிப்பூட் அக்கா:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 20 வயது, 187 சென்டிமீட்டர் உயரம், ஒல்லி, நல்ல கறுப்பு. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறான். 2025 ஜூனில் பாரிசில் டிசைனர் ஃபாரெல் வில்லியம்ஸ் இந்தியாவை வைத்து லூயி வித்தான் ஃபேஷன் கம்பெனிக்குச் செய்த ஆண்கள் ஷோ இருக்கிறதே, தரையில் பெரிய பரமபதக் கட்டம் போட்டு, ஏ. ஆர். ரஹ்மான் பாட்டோடு, அதை ஃபோனில் பார்த்ததிலிருந்து இவனுக்கு வேறு பேச்சே இல்லை. கேஎல்லில் (கோலாலம்பூரில்) ஒரு ஏஜென்சிக்குப் படம் அனுப்பினான். கூப்பிட்டுப் பேசினார்கள், ‘நல்ல முகம்’ என்றார்கள், அப்புறம் போர்ட்ஃபோலியோவுக்கும் (மாடலிங் படத் தொகுப்பு) கேட்வாக் வகுப்புக்கும் (மேடை நடை) சேர்த்து 3,500 வெள்ளியை (ரிங்கிட்) வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் தயார். அப்பா ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கோபப்படுகிறார். இதில் நம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ தம்பி:
கட்டாதீங்க அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்துகிறார்கள் பாருங்கள், அதுவே போதும். கம்பெனி பேரை எஸ்எஸ்எம்மில் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) தேடிப் பாருங்கள். ஆனால் பதிவு இருந்தாலும் நல்ல கம்பெனி என்று அர்த்தமில்லை.

மேடைக்குப் பின்னால்:
அக்கா, நான் கேஎல்லில் ஷோ நடக்கும்போது மாடல்களுக்கு உடுப்பு மாட்டிவிடும் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒழுங்கான ஏஜென்சி மாடலுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் கமிஷன் எடுக்கும், பல இடங்களில் 20 விழுக்காடு. தம்பிக்கு வேலை கிடைத்தால்தான் அவர்களுக்கும் காசு. முதலிலேயே உங்களிடம் 3,500 வாங்கிவிட்டால் அப்புறம் அவனுக்கு வேலை தேட அவர்களுக்கு என்ன அவசியம்? சில நல்ல ஏஜென்சிகள் டெஸ்ட் ஷூட் (மாதிரிப் படப்பிடிப்பு) செலவைத் தாங்களே போட்டுவிட்டுப் பிறகு சம்பளத்தில் கழிப்பார்கள். அப்படியென்றால் அது ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

உயரம் சரியாகத்தான் இருக்கிறது. பெரிய ஃபேஷன் கம்பெனிகள் ஆண்கள் கலெக்‌ஷனுக்குத் தைக்கும் சாம்பிள் உடுப்பு பெரும்பாலும் ஒரே அளவு, ஐரோப்பியக் கணக்கில் 46 அல்லது 48. அந்தக் கோட்டுக்கு ஆள் பொருந்த வேண்டும், ஆளுக்காகக் கோட்டை மாற்ற மாட்டார்கள். இந்த மெலிந்த உடல்வாகு மேடையில் நிலைத்ததில் டிசைனர் ஏடி ஸ்லிமானுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-இல் தியோர் ஓம்முக்கு (தியோர் கம்பெனியின் ஆண்கள் உடுப்புப் பிரிவு) வந்து கோட்டையும் கால்சட்டையையும் அப்படியே குறுக்கினார். அந்த உடுப்பைப் போடுவதற்காகவே ஷனேல் ஃபேஷன் கம்பெனியின் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் 40 கிலோவுக்கு மேல் எடை குறைத்தார். ஆனால் விளம்பர வேலைக்கு வேறு உடம்பு கேட்பார்கள். 2007-இல் டோல்சே கபானா வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்த டேவிட் கேண்டி நல்ல கட்டுடம்புக்காரர். தம்பி எந்தப் பக்கம் போகப் போகிறான் என்று முதலில் முடிவு செய்யட்டும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இது வேலைதான், அதுவும் உடம்பு நோகிற வேலை, பல மணி நேரம் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் பொதுவாகப் பெண்களுக்குத்தான் கூலி அதிகம், ஆண்களுக்குக் குறைவு. ஹார்ட்வேர் கடை வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்.

பகாவ் பொண்ணு:
நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். நம் நாட்டு விளம்பரங்களில் வெளுத்த கலப்பு முகங்களைத்தான் ரொம்ப காலமாகத் தேடினார்கள். என் அண்ணன் ஒரு காஸ்டிங்குக்கு (மாடல் தேர்வு) போய், உள்ளே கூப்பிடாமலே திரும்பி வந்தான், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் வெளியே நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018-இல் டிசைனர் வெர்ஜில் அப்லோ லூயி வித்தானுக்கு முதல் ஷோ செய்தபோது கறுப்பு மாடல்கள் நிறையப் பேர் நடந்தார்கள், அதே வருஷம் ஆல்டன் மேசன் ஷனேலுக்கு நடந்த முதல் கறுப்பின ஆண் மாடல் ஆனார். இங்கே வெள்ளையாக்கும் கிரீம் பூசச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் தம்பி கேட்கவே கூடாது. அந்த நிறம் அவனுக்கு அழகு.

சிப்பூட் அக்கா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பணம் கட்டப் போவதில்லை. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது. போர்ட்ஃபோலியோ இல்லாமல் வேறு ஏஜென்சிக்கு எதை அனுப்புவது? ஜிம்முக்கு வேறு போகிறான், நிறுத்தச் சொல்லவா?

மேடைக்குப் பின்னால்:
போர்ட்ஃபோலியோ வேண்டாம். டிஜிட்டல்ஸ் என்பார்கள், சாதாரண ஃபோன் படம்தான். காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் பக்கம், உடம்போடு ஒட்டின டீசர்ட், கறுப்பு ஜீன்ஸ். நேர் முகம், பக்கவாட்டு முகம், முழு உயரம். ஃபில்டர் கூடாது, தொப்பி கூடாது. கூடவே உயரம், மார்பு, இடுப்பு, சப்பாத்து அளவு எழுதி அனுப்புங்கள். அளவை டெய்லரிடம் எடுங்கள், கூட்டிச் சொன்னால் ஃபிட்டிங்கில் (உடுப்பைப் போட்டுப் பார்க்கும்போது) உடனே தெரிந்துவிடும். இப்படி அனுப்பக் காசு ஒன்றும் ஆகாது, நாலைந்து ஏஜென்சிக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாம்.

ஜிம்மை நிறுத்த வேண்டாம், மார்பையும் தோளையும் பெருக்குகிற பயிற்சியை மட்டும் குறைக்கட்டும். சாப்பாட்டைக் குறைக்க விடாதீர்கள். ஐரோப்பாவில் ஆண்கள் ஷோ ஜனவரியிலும் ஜூனிலும்தான், அதற்கெல்லாம் வெளிநாட்டு ஏஜென்சி கூப்பிட்டு வேலை அனுமதியும் எடுத்துக் கொடுக்க வேண்டும், சுற்றுலாவாகப் போய் அங்கே வேலை செய்ய முடியாது. முதலில் கேஎல்லில் நடக்கட்டும். காஸ்டிங் நாளில் நீங்களோ அப்பாவோ கூடப் போங்கள். ஒப்பந்தத்தை அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.