"னு" வர்ற இடத்துல எல்லாம் "தட்" போடலாமா? மெயில் எழுதி மாட்டிக்கிட்டேன்

ஆத்தங்குடி_கல்லு கேட்டது:

வணக்கம். எங்க மாமா ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறை வச்சிருக்காக, வெளிநாட்டு பார்ட்டிங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் போடுறது என் வேலை. நான் பி.காம் தமிழ் மீடியம், கிராமர்லாம் ஸ்கூல்ல படிச்சதோட சரி. போன வாரம் மாமா போன்ல "நான் திங்கக்கிழமை லோடு ஏத்திடுறேன்"னு சொன்னாக, அத அப்படியே நான் "மை அங்கிள் செட் தட் ஐ வில் லோட் தி டைல்ஸ் ஆன் மண்டே"ன்னு எழுதிட்டேன். டைல்ஸ் கேட்டிருந்த வெளிநாட்டு அம்மா பதில்ல "நீங்களே நின்னு ஏத்துறீங்களா, ரொம்ப நன்றி, அன்னைக்கு உங்களையே போன்ல கூப்பிடுறேன்"னு போட்டிருந்தாங்க, எனக்கு ஒண்ணுமே புரியல, ரெண்டு தடவ படிச்சப்புறம் தான் தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சுது. அதே மெயில்ல "வி வான்ட் தட் யூ பே தி அட்வான்ஸ்", "ஐ சஜஸ்ட் யூ டு வைப் வித் கோகனட் ஆயில்"னு வேற எழுதிருக்கேன், அதுவும் தப்புன்னு தோழி சொல்றா, ஆனா ஏன்னு அவளுக்கும் சொல்லத் தெரியல. நம்ம "னு"வுக்கு இங்கிலீஷ்ல "தட்" தானே? எங்க போடணும் எங்க போடக்கூடாது, யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்க.

தேவகோட்டை_டீச்சர்:

ஆத்தா, "னு"வும் "தட்"டும் ஒண்ணுன்னு நெனச்சது தான் எல்லாத்துக்கும் வேரு. 31 வருஷம் இங்கிலீஷ் எடுத்தேன், பிள்ளைகளோட பாதி தப்பு இங்கருந்து தான் வரும். நம்ம "னு" எத்தன வேலை பாக்குதுன்னு பாரு. "மழை வரும்னு நெனச்சேன்", இங்க தட் சரி. "மழை வருமான்னு தெரியல", இங்க தட் வராது, இஃப் இல்லன்னா வெதர். "கடை எங்க இருக்குன்னு தெரியல", வேர். "பஸ் கெடைக்காதுன்னு சீக்கிரம் கெளம்பிட்டேன்", பிகாஸ். "மீனாட்சின்னு ஒரு பொண்ணு", நேம்ட். "சட்டுனு எந்திரிச்சான்", "வேணும்னே பண்ணான்", இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல தனித்தனி வார்த்தை. நம்ம கை பழக்கத்துல எல்லாத்துக்கும் ஒரே தட்ட எடுத்து ஒட்டிடுது.

உன் மெயில்ல நடந்தது இன்னொண்ணு. தமிழ்ல ஒருத்தர் சொன்னத அவர் வாயில வந்தபடியே வச்சு கடைசில "னு" போட்டா போதும், "நான் ஏத்திடுறேன்னு சொன்னாக"ல அந்த நான் உங்க மாமா தான், கேக்குற யாருக்கும் குழப்பம் வராது. இங்கிலீஷ்ல தட் போட்டுட்டா பேசுறது நீயாயிடுற, அதனால அந்த ஐ உன்னையே காட்டும். "மை அங்கிள் செட் தட் ஹி வுட் லோட் தி டைல்ஸ் ஆன் மண்டே"ன்னு எழுதணும். வில் வுட்டா மாறணும்னு பள்ளிக்கூடத்துல அடிச்சு சொல்லிருப்பாங்க, திங்கக்கிழமை இன்னும் வரலன்னா "ஹி வில்"லும் தப்பில்ல. ஆனா ஐ ஹியா மாறியே ஆகணும், அதுல தளர்வே கிடையாது.

அடுத்தது வெர்ப் பேட்டர்ன். உங்க பட்டறையிலயே பாத்திருப்ப, கண்ணாடி மேல அச்ச வச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் அதுக்குரிய கலர தான ஊத்துறாக, செவப்பு கட்டத்துல பச்சைய ஊத்துனா டிசைன் போச்சு. ஒவ்வொரு வெர்ப்புக்கும் அப்படி ஒரு அச்சு இருக்கு. டெல்லுக்கு பக்கத்துலயே ஆள் வேணும், அப்புறம் தட், "ஐ டோல்ட் ஹிம் தட்". "சே"ங்கிற வெர்ப்புக்கு ஆள ஒட்ட வைக்கக்கூடாது, "ஐ செட் ஹிம்"ங்கிறது நம்ம "அவன்கிட்ட சொன்னேன்"லருந்து வர்றது. எக்ஸ்பிளெய்ன், சஜஸ்ட், மென்ஷன் மூணும் "சே" மாதிரி தான், ஆள் வேணும்னா டு போடணும், "ஹி எக்ஸ்பிளெய்ன்ட் டு மி தட்". இன்ஃபார்ம், ரிமைண்ட், கன்வின்ஸ் டெல் மாதிரி, ஆள் கட்டாயம், நடுவுல டு கூடாது. வான்ட்டுக்கு தட்டே கெடையாது, "வி வான்ட் யூ டு பே". சஜஸ்ட் அதுக்கு நேர் எதிர், ஆளும் டுவும் சேந்து வராது, "ஐ சஜஸ்ட் தட் யூ வைப் இட்", இல்லன்னா "ஐ சஜஸ்ட் வைப்பிங் இட்". நீ பண்ணது வான்ட்டோட அச்ச சஜஸ்ட்டுக்கும் சஜஸ்ட்டோட அச்ச வான்ட்டுக்கும் மாத்தி வச்சது, அவ்வளவு தான், பயப்படாத.

கானாடுகாத்தான்_ஃப்ரண்ட்_ஆபீஸ்:

டீச்சர் சொன்னதுக்கு மேல சொல்ல பெருசா இல்ல, நான் ஹோட்டல்ல தினம் வெள்ளக்காரங்ககிட்ட பேசுறவன், எனக்கு உதவுனத சொல்றேன் தங்கச்சி. ஃபார்னா தமிழ்ல என்னன்னு அர்த்தத்த மட்டும் மனப்பாடம் பண்ற மாதிரி வெர்ப்ப பண்ணாத. ஒரு வெர்ப்ப எடுத்தா அதோட வால சேத்து படி, சஜஸ்ட்னு தனியா எழுதாம "சஜஸ்ட் டூயிங்"னு நோட்ல எழுது. இங்கிலீஷ் கத்துக்குறவங்களுக்குன்னே இருக்குற டிக்‌ஷனரில ஒவ்வொரு வெர்ப்புக்கும் கீழ அது போட்டிருக்கும், நாம அர்த்தம் மட்டும் பாத்துட்டு மூடிடுறோம். இத மொதல்ல பெரிய அளவுல பண்ணவரு ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ்காரரு, ஜப்பான்ல பசங்களுக்கு சொல்லிக்குடுத்தவரு, 1942ல டோக்கியோல வந்த அகராதில வெர்ப்புங்கள 25 பேட்டர்னா பிரிச்சு வச்சாரு, பிறந்ததுலருந்து இங்கிலீஷ் பேசுறவனுக்கு அது தேவையே இல்ல, நம்மள மாதிரி ஆளுங்களுக்காக பண்ணது. அது தெரிஞ்சப்ப எனக்கு மனசு லேசாச்சு, நமக்கு வர்ற கஷ்டம் ஜப்பான்காரனுக்கும் வந்திருக்கு.

இன்னொண்ணு, "அவுக வரமாட்டாகன்னு நெனைக்கிறேன்"ன நான் ரொம்ப நாள் "ஐ திங்க் தட் ஹி வில் நாட் கம்"னு தான் சொன்னேன், தப்பில்ல, ஆனா வெள்ளக்காரங்க பேச்சுல "ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்"னு இல்லைய முன்னாடி கொண்டு போயிடுறாக. ஆனா ஹோப்புக்கு அப்படி பண்ணக்கூடாது, "ஐ ஹோப் இட் டஸன்ட் ரெயின்"னு தான்.

ஆத்தங்குடி_கல்லு:

டீச்சர், அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அச்சு விஷயம் அப்படியே மண்டைல ஏறிடுச்சு. அண்ணே தட் போடாமயே எழுதிருக்கீங்க, "ஐ டோன்ட் திங்க் ஹி"ன்னு, அப்ப தட்ட எங்க விடலாம்? அப்புறம் இத பாருங்க, புது மெயில்ல எழுதுனது: "ஐ வில் டெல் யூ வென் வில் தி லாரி லீவ் காரைக்குடி. பிளீஸ் எக்ஸ்பிளெய்ன் மி தி பேமென்ட்." சரியா?

தேவகோட்டை_டீச்சர்:

திங்க், ஹோப், "சே", தெரியும்ங்கிற அர்த்தத்துல வர்ற "நோ" மாதிரி தினம் பொழங்குற வெர்ப்புக்கு அப்புறம் தட்ட தாராளமா விடலாம், பேச்சுல விடுறது தான் வழக்கம். "தி ஃபேக்ட் தட்" மாதிரி பெயர்ச்சொல்லுக்கு அப்புறம் வந்தா விடாத. வாக்கியம் நீளமா போயி, ரெண்டாவது பாதி எங்க ஆரம்பிக்குதுன்னு படிக்கிறவங்க தேடுற மாதிரி இருந்தாலும் வச்சிரு, வியாபார மெயில்ல வச்சா ஒரு நஷ்டமும் இல்ல.

உன் ரெண்டு வரியிலயும் ஒவ்வொரு தப்பு. "வென் வில் தி லாரி லீவ்"ங்கிறது நேரா கேக்குற கேள்வி. டெல்லுக்குள்ள போயிட்டா அது கேள்வி இல்ல, அதனால வரிசை திரும்பிடும், "ஐ வில் டெல் யூ வென் தி லாரி வில் லீவ் காரைக்குடி". நம்ம தமிழ்ல "லாரி எப்ப கெளம்பும்"னு தனியா கேட்டாலும் "எப்ப கெளம்பும்னு சொல்றேன்"னு உள்ள போட்டாலும் வரிசை மாறாது, அதான் கை தவறுது. "எக்ஸ்பிளெய்ன் மி" கூடாது, "பிளீஸ் எக்ஸ்பிளெய்ன் தி பேமென்ட் டு மி".

ஆத்தங்குடி_கல்லு:

மாத்தி அனுப்பிட்டேன் டீச்சர். எண்ணெய் வரிய "ஐ சஜஸ்ட் வைப்பிங் தி ஃப்ளோர் வித் எ லிட்டில் கோகனட் ஆயில், அண்ட் பிளீஸ் டெல் தி கிளீனர் நாட் டு யூஸ் ஆசிட்"னு போட்டேன். போன வருஷம் ஒரு வீட்ல ஆசிட் ஊத்தி கழுவி கலரெல்லாம் வெளுத்துப் போச்சு, அந்தக் கல்ல பாத்து மாமா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அதனால அந்த ஒரு வரி மட்டும் தப்பில்லாம போகணும்னு தான் எனக்கு.

தேவகோட்டை_டீச்சர்:

ஒரு எழுத்து மாத்த வேண்டாம் ஆத்தா. டெல், ஆள், நாட் டு, அச்சு பிசகாம உக்காந்திருக்கு.