புதுப்பிப்பு: ஸ்கோப் சாய்வு, ரசமட்டம் மட்டும் போதுமா?

துப்பாக்கியின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சாயாமல் மாட்ட, அதன் டரட் (குறியை ஏற்றி இறக்கும் திருகுகுமிழ்) மூடிமேல் ரசமட்டம் வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதாது. மூடியும் உள்ளிருக்கும் ரெட்டிகிளும் (குறிபார்க்கும் குறுக்குக்கோடுகள்) ஒரே நேரில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குண்டில்லாத துப்பாக்கியை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, தூரத்தில் தொங்கும் தூக்குக்குண்டு நூலோடு ரெட்டிகிளின் செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் உருளும். பலருக்கும் கெடுவது இங்கேதான். ஸ்கோப் குழாயில் மாட்டும் குமிழ்மட்டத்தைக் கடைசியில், நூலைப் பார்த்தபடியே பொருத்துங்கள்.

சோதனை: 100 மீட்டரில் தூக்குநூல் பிடித்துக் கோடு வரைந்த உயரமான தாள். டரட்டில் 10 மில் (ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. வரும் கோண அளவு) ஏற்றிச் சுட்டால் குண்டு குறிவைத்த இடத்துக்கு 1 மீட்டர் மேலே, அதே கோட்டில் விழ வேண்டும். 1 டிகிரி சாய்வுக்கு 1.7 செ.மீ. விலகும். 1000 மீட்டரில் அதே 10 மில்லுக்கு 17 செ.மீ. காற்றில்லாத நாளில் சுடுங்கள், இல்லாவிட்டால் எதனால் விலகியது என்றே தெரியாது.