மறு: 'பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்' – முதலில் தோட்டாவைப் பிரிப்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

இழையைத் தொடங்கிய நண்பர் கொலராடோவில் இருக்கிறார். ஆயிரம் கெஜத்தில் இலக்குப் பலகையைச் சுடவும், இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போகவும் ஒரே துப்பாக்கி போதுமா, அதற்கு எந்தத் தோட்டா என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறார். சுட்ட துண்டு காற்றில் தன் வேகத்தை எவ்வளவு காத்துக்கொள்கிறது என்பதன் அளவான 'பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்' என்பதற்கு ஒரு சொல் கேட்டார், அவ்வளவுதான். இத்தனை மடல் போன பிறகும் சொல் கிடைக்கவில்லை. அதற்கு முன்படியிலேயே நாம் தடுக்கி விழுந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

> தோட்டா என்றாலே எல்லாருக்கும் புரியும். எதற்கு இத்தனை பிரிவு?

புரியாது ஐயா. 'நெஞ்சில் தோட்டா பாய்ந்தது' என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, முனையில் செருகிய உலோகத் துண்டு, இத்தனையும் சேர்ந்ததுதான் தோட்டா. கூடும் கேப்புமாகவா நெஞ்சுக்குள் போயிற்று? பாய்வது அந்தத் துண்டு மட்டும்தான். செய்தியில் இதனால் நட்டமில்லை. தோட்டா வாங்கக் கடைக்குப் போகிறவனுக்கு உண்டு. 6.5 க்ரீட்மோர் என்பது, ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த ஒரு தோட்டாவின் பெயர். அதே தோட்டாவை 120 கிரெயின் (துண்டின் எடையைச் சொல்லும் அலகு) துண்டோடும் வாங்கலாம், 147 கிரெயின் துண்டோடும் வாங்கலாம். பலகைக்கு ஒன்று, மானுக்கு வேறொன்று. நண்பர் கேட்ட கோஎஃபிஷியன்ட் அந்தத் துண்டுக்கு உரியது, தோட்டாவுக்கு அல்ல. துண்டுக்குப் பெயர் வைக்காமல் அதன் குணத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது?

'குண்டு' என்று சிலர் சொன்னீர்கள். வெடிகுண்டும் குண்டுதான், உருண்டையானதும் குண்டுதான். பழைய நாட்டுத் துப்பாக்கியில் கெட்டித்த ஈய உருண்டைக்கு அது பொருந்தியது. இன்றைய துண்டு பென்சில் முனைபோல நீண்டு கூரானது. இலங்கையில் இதற்குச் 'சன்னம்' என்றொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. ('ரவை' என்றும் சொல்வார்கள். அதை இங்கே எழுதினால் உப்புமாதான் நினைவுக்கு வரும்.) தமிழ்நாட்டுக் காதுக்குச் சன்னம் என்றால் மெலிந்தது, சன்ன அரிசி மாதிரி. இது குறையா? எனக்கு அதிர்ஷ்டமாகத்தான் படுகிறது. நெடுந்தூரச் சூட்டின் சூட்சுமமே அந்த மெலிவில் இருக்கிறது.

க்ரீட்மோரையும் 1952இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். .308இல் நெடுங்காலம் இலக்குச் சூட்டுக்குப் பேர்போனது 168 கிரெயின் சன்னம், சுமார் 11 கிராம். க்ரீட்மோரில் 140 கிரெயின், 9 கிராம். இரண்டும் குழலைவிட்டு ஏறத்தாழ ஒரே வேகத்தில், நொடிக்கு 820 மீட்டர் அளவில் கிளம்புகின்றன. கனமானதுதானே தூரம் போகவேண்டும்? ஆயிரம் கெஜத்தில் பார்த்தால் 168 ஒலியின் வேகத்துக்கே இறங்கித் தள்ளாடும். அந்தப் பழைய சன்னத்தை 300 மீட்டர் போட்டிக்காக வடித்தார்கள், அதைக் குற்றம் சொல்ல முடியாது. 140ஓ நொடிக்கு 400 மீட்டருக்கு மேலேயே வைத்திருக்கும். கனம் குறைவு, ஆனால் விட்டம் அதைவிடக் குறைவு. காற்று முட்டும் முகம் சிறியது, அதன் பின்னால் அடைந்திருக்கும் எடை அதிகம், மேனியும் வழுவழுப்பாகக் கூம்பியது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்வதுதான் நாம் தேடும் சங்கதி. 168க்கு 0.46 அளவில், 140க்கு 0.6க்கு மேல்.

> எறியியல் குணகம் என்று அப்படியே பெயர்த்தால் என்ன?

தவறில்லை, ஆனால் செத்த சொல். எறியியலில் குணகங்கள் பல, இது எதைச் சொல்கிறது? 'ஊடுருவெண்' என்று வந்த முன்மொழிவு ஆபத்தானது. காற்றை ஊடுருவுவதை நினைத்து வைத்திருக்கிறார்கள், படிப்பவர் மானின் உடலை ஊடுருவுவதாக நினைப்பார். இரண்டும் வேறு வேறு.

என் பரிந்துரை: வேகக்காப்பெண். கிளம்பிய வேகத்தைச் சன்னம் எவ்வளவு காக்கிறது என்பதன் எண்.

– – –

> என் பரிந்துரை: வேகக்காப்பெண்.

ஐயா, பொருள் நன்று. எழுத்தைப் பார்த்தால் 'யார் அந்தப் பெண்' என்று வீட்டில் கேட்கிறார்கள். பிரித்து 'வேகக்காப்பு எண்' என்று எழுதலாம், அல்லது கெழு (கோஎஃபிஷியன்ட்) என்பதைச் சேர்க்கலாம்.

இன்னொன்று. இது தனித்து நிற்கும் எண் அல்ல, ஒரு மாதிரிச் சன்னத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஜி1 என்ற பழைய மாதிரி தட்டையான அடி கொண்டது. ஜி7 நீண்டு வால் கூம்பியது. ஹார்னடியின் அதே 140 கிரெயின் போட்டிச் சன்னத்துக்கு ஜி1 கணக்கில் 0.646, ஜி7 கணக்கில் 0.326. கடையில் ஒரு பெட்டியின் ஜி1ஐயும் இன்னொன்றின் ஜி7ஐயும் ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. எந்தச் சொல்லை எடுத்தாலும் 'ஜி1 வேகக்காப்பு', 'ஜி7 வேகக்காப்பு' என்று முன்னொட்டு வைக்க இடம் கொடுங்கள். 'எண்' என்ற வாலே இல்லாமல் 'வேகக்காப்பு 0.646' என்றால் போதாதா? எடை 9 கிராம் என்கிறோம், எடையெண் என்றா சொல்கிறோம்?

க்ரீட்மோரையும் தமிழாக்க ஒருவர் கிளம்பியிருக்கிறார். அது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1873இல் திறந்த சுடுகளத்தின் பெயர். விட்டுவிடுங்கள்.

– – –

இருவருக்கும் நன்றி. வாலை வெட்டிவிட்டேன். தோட்டா, சன்னம், கூடு, வேகக்காப்பு. பொருந்துகிறதா என்று பார்க்க, என் கட்டுரையின் வேட்டைப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"வேகக்காப்பை மட்டும் பார்த்து எல்க் வேட்டைக்குச் சன்னம் வாங்காதீர்கள். போட்டிச் சன்னம் பலகையில் துளை போடச் செய்தது. உடலில் அது நொறுங்கவும் செய்யலாம், விரியாமல் ஊசிபோலக் கடந்து போகவும் செய்யலாம். காயம்பட்ட மான் மலையேறி ஒளிந்து சாகும். விரியும் வேட்டைச் சன்னமாகவே பாருங்கள். எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு ஆற்றலாவது எஞ்ச வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கைக்கணக்கு. க்ரீட்மோரின் 143 கிரெயின் வேட்டைச் சன்னம் 400 கெஜத்துக்கு முன்னரே அதற்குக் கீழே போய்விடும். அதற்கு அப்பால் சுடத்தான் வேண்டும் என்றால் .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டா வேண்டும். தோளில் விழும் உதை பலமாக இருக்கும். இல்லையென்றால் இன்னும் நூறு கெஜம் தவழ்ந்து போங்கள்."

'உதை' என்றே போட்டுவிட்டேன். 'பின்னுதைப்பு' வேண்டும் என்பவர்கள் நாளைக்குள் சொல்லவும்.